நாலு மணித் தசை

பிரிஜெட்டுக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் வருகிறது என்று மட்டும் பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தத் திங்கட்கிழமை காலையையே உதாரணமாகக் காட்டியிருப்பாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மாரிகுப்பத்தில் ரயிலேறி, மாலூர் வரை ஒற்றைக்காலில் நின்று, பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் பிடித்து வந்து கதவைத் திறந்தால் மேஜையின் மேல் இரண்டு லிட்டர் குடுவை நிறைய பால் மாதிரி வெள்ளையாக ஒரு தண்ணீர் நிற்கிறது.

"வீணா! யாரு இதுல கால்சியத்த முதல்லயே போட்டது?"

ஆராய்ச்சி மாணவி வீணா கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். மர்பி டவுன்காரி. முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருடம் ஓடுகிறது.

"நான்தான் ஆன்ட்டி. உங்களுக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு..."

"மிச்சமாச்சு பாரு. மறுபடி முதல்லேருந்து கலக்கணும். செவுத்துல மூணு பாஷையில எழுதி ஒட்டியிருக்கேன். கேஸ் முதல்ல, கால்சியம் கடைசியில. இன்னும் எந்த பாஷையில எழுதணும் சொல்லு, கத்துக்கிட்டு எழுதறேன்."

உப்புகள் கரைந்த அந்தத் தண்ணீரில் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் கலந்த கேஸை அரை மணி நேரமாவது குமிழியாக விட்டபிறகுதான் கால்சியத்தைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே போட்டால் சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் அதில் போடும் இதயத் தசைக்குக் கிடைக்க வேண்டிய கால்சியம் கிடைக்காது, தசை துடிக்கிற மாதிரி பாவலா காட்டும். இது தெரியாமல் நாலு வருடம் என்ன படித்தாளோ என்று முனகிக்கொண்டே பிரிஜெட் இரண்டு லிட்டரையும் தொட்டியில் கொட்டினாள்.

பிரிஜெட் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் கே.ஜி.எஃப்.பில்தான். அப்பா தங்கச் சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டை இயக்கியவர். சுரங்கத்தை மூடியபோது ஊரில் பாதிப்பேர் பெங்களூர் ரயிலேறினார்கள், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருந்த பிரிஜெட்டும் ஏறினாள். முதல் மூன்று வருடம் கண்ணாடிச் சாமான் கழுவினாள். ஒருநாள் தசை கட்டும் ஆள் வராமல்போக, நானே கட்டுகிறேனே என்று உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. வேலை மட்டும் இன்றுவரை ஒப்பந்த வேலைதான், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கையெழுத்து.

தசை கட்டுவதென்றால் சாதாரணமில்லை. எலியின் இதயத்தில் வலது அறையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கீற்று, மூன்று மில்லிமீட்டர் நீளம், தையல் நூல் கனம்கூட இராது. அதை அறுபடாமல் எடுத்து, பட்டு நூலைப் பிரித்து ஒரே ஒரு இழையால் ஒரு முனையை விசை அளக்கும் கொக்கியிலும் மறுமுனையை நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு கம்பியிலும் கட்ட வேண்டும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்ட வேண்டும். இறுக்கினால் தசை செத்துவிடும், தளர்த்தினால் நழுவிவிடும். பிரிஜெட் கட்டிய முடிச்சு நழுவியதாகச் சரித்திரம் கிடையாது. இதை அவளே சொல்லிக்கொள்வாள், சொல்ல வேறு ஆள் இல்லாததால்.

பதினோரு மணிக்கு உமேஷ் கூப்பிட்டனுப்பினார். கூடத்தின் தலைவர். மண்டியா பக்கத்துக்காரர், இவளிடம் கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார்.

"கூத்கோளி மேடம், உக்காருங்க. நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். வீணாவோட தீசிஸ் நின்னு போயிருக்கு. உங்களுக்கே தெரியும்."

தெரியாமல் என்ன. எட்டு மாதமாக அந்தக் கூடத்தில் வேறு பேச்சே இல்லை. துடித்துக்கொண்டிருக்கும் இதயத் தசையைக் கொஞ்சம் நீட்டினால், நீட்டிய அந்த நொடியே அது கூடுதல் பலத்தோடு சுருங்கும். இது எல்லோருக்கும் வரும், இதில் சண்டையில்லை. அதற்கப்புறம் அப்படியே நீட்டி வைத்திருந்தால் பத்து நிமிடத்துக்குள் மெதுவாக இன்னொரு ஏற்றம் வர வேண்டும். தசைக்குச் சாயம் போட்டிருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே கால்சியம் கூடும்போது ஒரு வெளிச்சம் மின்னும், அந்த மின்னலும் கூடவே பெரிதாக வேண்டும். வீணா ஒன்றரை வருடத்தில், சாயம் சரியாகப் பிடித்தவை என்று பொறுக்கிச் சேர்த்த அறுபத்திரண்டு தசைகளில் சிலவற்றில் அந்த இரண்டாவது ஏற்றம் அழகாக வருகிறது, சிலவற்றில் வரவே இல்லை. எலியை மாற்றினார்கள், சாயத்தை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் யோசிச்சு பாத்தேன்," என்றார் உமேஷ். "ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். நீட்டினதுக்கு அப்புறம் முடிச்சு ஸ்வல்ப ஸ்வல்ப நழுவுது. தசை பழைய நீளத்துக்கே போயிடுது. அப்புறம் ஏற்றம் எப்படி வரும்?"

வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வருமென்று பிரிஜெட்டுக்கே பயமாக இருந்தது.

"முடிச்சு வேணாம், சின்ன கிளிப்பு வருது, அத வாங்கலாம்னு இருக்கேன். கிளிப்பு போடறத வீணாவே கத்துக்குவா. உங்க கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியோட முடியுது, அத... நோடி, இங்க பாருங்க, நான் உங்கள குறை சொல்லலே. வயசானா கை எல்லாருக்கும் ஸ்வல்ப நடுங்கும்."

"எனக்கு அம்பத்தொண்ணு சார். கை நடுங்கறது எனக்கில்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வந்து நேராக நாலு மணித் தசைக்கான நூலைப் பிரிக்க உட்கார்ந்தாள். தினமும் இரண்டு தசை, காலை பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அதுதான் வழக்கம். தன் விரல்களைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்று உறுதியானதும்தான் அழுகை வந்தது. அழுதால் மைக்ராஸ்கோப் கண்ணாடி கலங்கும், அதற்கும் தன் கைமேல்தான் பழி வருமென்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

ஆறேகால் ரயிலில் அவளுக்காக ஜன்னலோரத்தில் கர்சீஃப் போட்டு வைத்திருந்தாள் ஷோபா. சிவாஜிநகரில் துணிக்கடையில் வேலை, பதினைந்து வருட ரயில் சிநேகிதம். பிரிஜெட் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். கிருஷ்ணராஜபுரம் வரைக்கும் உமேஷைத் திட்டினாள். ஒயிட்ஃபீல்டு வரைக்கும் கிளிப்பைத் திட்டினாள். அப்புறம் எலியை மாற்றியது, விளக்கை மாற்றியது எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு வைதாள். ஷோபா வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா பிரிஜெட், ரெண்டு ஏத்தம் ரெண்டு ஏத்தம்றியே. எனக்குப் புரியிற மாதிரி ஒருதரம் சொல்லேன்."

"நம்ம மாதா கோயில் திருவிழா சாப்பாட்ட நெனச்சுக்கோ. திடீர்னு அம்பது பேர் கூட வந்து உக்காந்துட்டாங்க. உடனே இன்னா ஆவும்? பரிமாறுறவங்க இருக்கற சோத்த வச்சே ஓடி ஓடிப் போடுவாங்க. அது முதல் ஏத்தம். நீட்டின உடனே தசை, உள்ள ஏற்கெனவே இருக்கற கால்சியத்தையே நல்லா இறுக்கிப் புடிச்சு உபயோகிக்குது. கால்சியம் கூடல, வேகம்தான் கூடிச்சு. புரியுதா?"

"ம்."

"அதே நேரத்துல பின்னால இன்னொரு அடுப்பு பத்த வச்சு உலை வச்சிருப்பாங்க இல்ல? அந்தச் சோறு வர்றதுக்கு நேரமாவும். நீட்டினதும் செல்லுக்குள்ள சோடியம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அத சாக்கா வச்சு கால்சியமும் உள்ள தங்கிக்கும். அது பத்து நிமிஷ வேலை. அப்பத்தான் ரெண்டாவது ஏத்தம். எங்க சார் இன்னான்னா சில பந்தியில சோறே வரலன்றாரு, அதுக்கு என் முடிச்சுதான் காரணமாம்!"

ஷோபா கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதினாள். "பத்து நிமிஷம் ஆவும்ன்ற. சாயந்தரத் தசைக்கு நீ எப்படி பத்து நிமிஷம் நிப்ப? அஞ்சு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாப்புல இருப்பியே."

"அது சாயந்தரத்துக்கு ரெண்டு நிமிஷம்தான்," என்று சொல்ல ஆரம்பித்த பிரிஜெட் நிறுத்திவிட்டாள்.

நாலு மணிக்குக் கட்டுகிற தசை தண்ணீரில் பழகி ஒழுங்காகத் துடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீட்டுவாள். இரண்டு நிமிடம் பதிவு செய்வாள், தளர்த்துவாள், விளக்கை அணைத்துவிட்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒன்பது வருடமாக அப்படித்தான். அப்போதெல்லாம் அந்தக் கூடத்தில் முதல் ஏற்றத்தை மட்டும்தான் ஆராய்ந்தார்கள், அதற்கு இரண்டு நிமிடம் தாராளம். அந்த உமேஷே அன்றைக்குச் சொன்னார், "ரெண்டு நிமிஷம் சாக்கு, போதும் மேடம், எடுத்துட்டு நீங்க கிளம்புங்க, ட்ரெயின் போயிடும்."

வீணா வந்த பிறகு கேள்வி மாறியது. எல்லாத் தசைக்கும் பத்து நிமிடம் என்று மெயில் வந்தது. பிரிஜெட்டும் படித்தாள். காலைத் தசைக்கு உடனே மாற்றிக்கொண்டாள். சாயந்தரத் தசை விஷயம்தான் சாருக்கே தெரியுமே, என் ரயில் அவருக்குத் தெரியாததா, அதை முதல் ஏற்றத்துக்கு வைத்துக்கொள்வார் போல என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கே.ஜி.எஃப். ரயிலில் போகிறவர்கள் யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு எல்லாவற்றையும் ஆறேகாலுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வதுதான் அவர்களுக்கு வாழ்க்கை. உலகமே அப்படி வெட்டிக்கொள்ளும் என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

பரிமாறுகிறவள் இலையை மடித்துவிட்டுப் போய்விட்டாள், சோறு வரவில்லை என்று எட்டு மாதமாக எல்லோரும் அடுப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னாடி ஆச்சு? மூஞ்சி வெளுத்துப் போச்சு," என்றாள் ஷோபா.

"ஒண்ணுமில்ல. வாய மூடிட்டு கடலையக் குடு."

வீட்டுக்குப் போயும் எரிச்சல் தணியவில்லை. கணவன் கிளிஃபர்ட் ரசத்தில் உப்பு அதிகமாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "எல்லாரும் என்னையே கேளுங்க," என்று எரிந்து விழுந்தாள். அவளுக்கு யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் எட்டு மாதப் பாழும் அவள் தலையில். சொல்லாவிட்டால் முடிச்சு நழுவியது என்ற பழி. எப்படியும் மாதக் கடைசியில் வீட்டுக்குத்தான். உண்மை என்று ஒன்று கிடைத்தால் அதில் ஒரு பக்கமாவது நமக்குச் சாதகமாக இருக்கக் கூடாதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் காலை ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டும்போது முடிவுக்கு வந்தாள். ரயிலைப் பிடிக்க ஓடினாள் என்று சொல்லட்டும், அது நிஜம். அவள் முடிச்சு நழுவியது என்று சொல்லக் கூடாது, அது பொய். வேலை போனாலும் அந்தப் பொய்யோடு போகக் கூடாது.

உமேஷின் அறைக்கு வீணாவையும் இழுத்துக்கொண்டு போனாள். உட்காரவில்லை. பழுப்பு அட்டை போட்ட தன் நோட்டை மேஜையில் வைத்தாள்.

"சார், ஏத்தம் வராத தசை நம்பரெல்லாம் சொல்லும்மா வீணா."

வீணா படிக்கப் படிக்க, பிரிஜெட் நோட்டில் தேடி நேரத்தைச் சொன்னாள். நாலு மணி. நாலு மணி. நாலு பத்து. நாலு மணி. ஏற்றம் வராத முப்பத்தொன்றும் நாலு மணித் தசைதான்.

"எல்லாத்தையும் ரெண்டு நிமிஷத்துல தளர்த்திட்டேன் சார். ட்ரெயினுக்காக. நீங்க முன்ன சொன்னதுதான் சாயந்தரத்துக்குன்னு இருந்துட்டேன். மெயில் படிச்சேன், கேக்காம விட்டது என் தப்பு."

உமேஷ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வீணாவின் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் அழுகிற மாதிரி ஆனது. அவளுடைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிவிலும் கடைசிப் பத்து துடிப்பை மட்டும் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி எத்தனையாவது நிமிடம் என்று அது கேட்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

"எட்டு மாசம் மேடம்," என்றார் உமேஷ். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நோட்டுல தினமும் எழுதியிருக்கேன் சார். நேரம், நிமிஷம், எல்லாம். ஒருத்தரும் தொறந்து பாக்கல." இதைச் சொல்லும்போது குரல் ஏறிவிட்டது. "கடைசித் தசைய ரெண்டு மணிக்கு வையுங்கன்னு ஒம்பது வருஷமா கேட்டேன். மீட்டிங் இருக்கு, எலி வரல, கேஸ் வரலன்னு நாலு மணிக்கே தள்ளினீங்க. தப்பு என்னுதுதான். என்னுது மட்டும் இல்ல."

உமேஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆயித்து, சரி. ஆனா மேடம், இதுல முடிச்சு நழுவலேன்னு ஆகாதே. பத்து நிமிஷம் விட்டிருந்தாலும் ஏறாம இருந்திருக்கலாம். சாயந்தரம் நீங்க களைச்சுப் போயிருப்பீங்க, கட்டு தளர்ந்திருக்கலாம்."

பிரிஜெட் தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, சத்தம் வர அடித்துக்கொண்டாள். "இன்னிக்கு நாலு மணித் தசைய பத்து நிமிஷம் வைக்கறேன். நீங்களும் வந்து உக்காருங்க. பாதியில எழுந்து போகக் கூடாது."

அன்று நாலு மணிக்குத் தசையைக் கட்டினாள். கட்டியபின் தசையின்மேல் இரண்டு இடத்தில் கரித்தூள் புள்ளி ஒட்டினாள். முடிச்சு நழுவினால் புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கும், மறைக்க முடியாது. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பியின் திருகாணியைத் திருப்பித் தசையை நீட்டினாள்.

திரையில் கோடு குதித்தது. துடிப்பின் உயரம் இரண்டு மடங்குக்குப் பக்கம். கீழே கால்சியத்தின் மின்னல் பழைய அளவிலேயே இருந்தது. முதல் ஏற்றம். இரண்டு நிமிடம் ஆனது. பிரிஜெட்டின் கை தானாகத் திருகாணியை நோக்கிப் போனது. ஒன்பது வருடப் பழக்கம். அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று நிமிடம். ஒன்றுமில்லை. நாலு. உமேஷ் தொண்டையைச் செருமினார். "மேடம், உங்க ட்ரெயின்..."

"உக்காருங்க சார்."

போன் அடித்தது. கிளிஃபர்ட். கிளம்பிவிட்டாளா என்று கேட்பதற்கு தினமும் இந்நேரம் கூப்பிடுவான். அடிக்கட்டும் என்று விட்டாள். ஐந்து நிமிடத்தில் கோடு ஒரு நூல் உயர்ந்த மாதிரி இருந்தது. உயர்ந்ததா, கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா? ஆறு. வீணா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது நிமிடத்தில் ஐயத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு துடிப்பும் முந்தினதைவிட ஒரு பொட்டு உயரம். கீழே மின்னலும் பெரிதாகிக்கொண்டு வந்தது. பத்தாவது நிமிடம் முடிந்தபோது விசை முதல் ஏற்றத்தில் இருந்ததைவிடக் கால் பங்கு கூடியிருந்தது.

உமேஷ் எழுந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அவரே அளந்தார். இன்னொருமுறை அளந்தார்.

"அப்படியே இருக்கு," என்றார், வீணாவிடம். பிறகுதான் நினைவு வந்தவர்போல பிரிஜெட் பக்கம் திரும்பினார். "கிளிப்பு வேணாம் மேடம். கான்ட்ராக்ட்டு பேப்பர நாளைக்கு அனுப்பறேன். கடைசித் தசை இனிமே ரெண்டு மணிக்கு."

"சரி சார்."

"ஆனா அந்த முப்பத்தொண்ணையும் மறுபடி பண்ணணும்."

முப்பத்தொன்று. முப்பத்தொரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நன்றி என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. வீணா மட்டும் பக்கத்தில் வந்து, "நோட்ட நான் படிச்சிருக்கணும் ஆன்ட்டி," என்றாள். "ஆமா, படிச்சிருக்கணும்," என்றாள் பிரிஜெட். கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, விளக்கை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு ஓடாமல் நடந்தாள்.

கண்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் ஆறேகால் ரயில் போயே போய்விட்டிருந்தது. ஷோபா போட்டிருந்த கர்சீஃப் இந்நேரம் கிருஷ்ணராஜபுரம் தாண்டியிருக்கும். அடுத்த வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கிளிஃபர்டைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்க? எத்தன தரம் அடிக்கறது? வண்டி ஏறிட்டியா?"

"விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? நீயா? இன்னா ஆச்சு பிரிஜெட்?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. உமேஷைப் பற்றி, வீணாவைப் பற்றி, படிக்காத நோட்டைப் பற்றி, தன் புத்தியைப் பற்றி. வரிசையாகத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"முடிச்சு நழுவலங்க," என்றாள். "பத்து நிமிஷம் நின்னுச்சு. சாரே ரெண்டு தரம் அளந்தாரு."